ஓட்டைகளை எண்ணுங்கள்: பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தண்ணீரில் விட நான்கு வழிகள்

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1962-ல் உற்பத்தி தொடங்கிய டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும், ஜெர்மனியில் அதற்கு ஒரு வருடம் முன்னால் வந்த ஆம்ஃபிகாரும் ஒருவகையில் பங்காளிகள். இரண்டிலும் இருந்தது டிரையம்ஃப் ஹெரால்டு குடும்பத்தின் 1147 சிசி எஞ்சின். ஸ்பிட்ஃபயரில் இரட்டைக் கார்புரேட்டர் வைத்து 63 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஆம்ஃபிகாரில் அதே எஞ்சின் 38 குதிரைத்திறனோடு காரின் பின்பக்கம் உட்கார்ந்து, சாலையில் சக்கரங்களையும் ஏரியில் இரண்டு புரொப்பெல்லர்களையும் சுழற்றியது. ஒன்று இரண்டு பேர் உட்காரும் ஓப்பன் ஸ்போர்ட்ஸ் கார், மற்றது நீரிலும் நிலத்திலும் போகும் குடும்பக் கார். இந்த உறவு தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை விடவில்லை. ஸ்பிட்ஃபயரையும் தண்ணீரில் இறக்க முடியுமா? முடியும் என்றால் எந்த வழியில்?

ஆசைப்படுபவர் நான் ஒருவன் மட்டும் இல்லை. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர்கள் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தன. அவற்றில் எத்தனையோ இன்றும் கராஜ்களில் துணி மூடிக் கிடக்கின்றன. அப்படி ஒரு வண்டியை வைத்திருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. காரின் சொந்த உடலையே அடைத்து மிதக்க வைக்கலாம். காரைத் தொடாமல் வெளியே மிதவை கட்டலாம். எஞ்சினையும் அச்சுகளையும் கழற்றிப் புதிய படகுக் கூட்டுக்குள் பொருத்தலாம். இல்லையென்றால் ஒரு படகை வாங்கி அதன்மேல் காரின் மேல்தோலைப் போர்த்தலாம்.

விலை, வேகம், அழகு என்று ஆளுக்கு ஒரு கணக்கு வைத்து இவற்றை ஒப்பிடுவார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எத்தனை ஓட்டைகள்? அவற்றில் எத்தனையில் ஏதாவது சுழல்கிறது, அசைகிறது? மற்றதெல்லாம் அப்புறம்தான்.

இப்படி யோசிக்க வைத்தது ஒரு விபத்து. 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஹாமில்டன் ஏரியில் 'மிஸ் மெஜஸ்டிக்' என்ற சுற்றுலா வண்டி, தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில் மூழ்கியது. 21 பேரில் 13 பேர் இறந்தார்கள். அது இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த டக் வகை வண்டி. பிறவியிலேயே நீருக்கும் நிலத்துக்கும் சேர்த்து வடிவமைக்கப்பட்டது, அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தது. விசாரணையில் தெரிந்த காரணம் சிறியது. பின் சக்கரங்களைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் வண்டியின் அடிக்கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் இருக்க மாட்டியிருந்த 'பூட்' என்ற ரப்பர் உறை நழுவிவிட்டது. பராமரிப்பு சரியில்லை. தலைக்கு மேலே இருந்த கூரை, வெளியே வரப் போராடியவர்களை உள்ளேயே மடக்கியது. உள்ளங்கை அகல ரப்பர் ஒன்று 13 உயிர்களைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிற யாரும் அந்த விசாரணை முடிவைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது என்பது என் கருத்து.

எடைக் கணக்கு

மிதக்க வைப்பது கடினமான வேலை இல்லை. வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகும் சாதாரணக் கார்கூடச் சில நிமிடங்கள் மிதக்கும். கணக்கு போட்டால் எல்லை எங்கே என்று தெரியும். கடைசி மாடலான ஸ்பிட்ஃபயர் 1500-ன் எடை சுமார் 800 கிலோ. இரண்டு பேருக்கு 150. பெட்ரோல், பம்ப், கயிறு, நங்கூரம் என்று 50. மாற்றத்துக்காக நாம் சேர்க்கும் தகடும் ஃபைபரும் எப்படியும் 150. ஆக 1,150 கிலோ. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி 1,150 லிட்டர் தண்ணீரை விலக்கினால் வண்டி மிதக்கும்.

காரின் நீளம் 3.8 மீட்டர், அகலம் 1.5 மீட்டர். செவ்வகமாக வைத்துக்கொண்டால் 5.7 சதுர மீட்டர். மூக்கு குறுகுவதையும் சக்கரக் குழிகளையும் கழித்தால் மூன்றில் இரண்டு பங்கு தேறும், அதாவது 3.8 சதுர மீட்டர். அப்படியானால் கார் சுமார் 30 சென்டிமீட்டர் அமிழும். அமிழ்வது தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் இல்லை, காரின் அடித்தளத்திலிருந்து. ஸ்பிட்ஃபயர் தாழ்ந்த வண்டி. அந்த ஆழத்தில் கதவின் கீழ் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீருக்கு மேலே எவ்வளவு விளிம்பு மிஞ்சி நிற்கிறது என்பதுதான் சின்ன அலைக்கும் பெரிய அலைக்கும் இடையில் நம்மைக் காப்பது.

இங்கே எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: எடை ஏறிக்கொண்டே போகும். அமெரிக்க ராணுவத்துக்காக ஃபோர்டு 1942-ல் செய்த நீர்நில ஜீப்பின் கதை இதுதான். படகு வடிவமைப்பாளர் ராட் ஸ்டீஃபன்ஸிடம் சுமார் 1,225 கிலோ எடைக்கு ஒரு கூடு வரையச் சொன்னார்கள். வண்டி முடிந்தபோது சுமார் 1,600 கிலோ. கூட்டை அதற்கேற்பப் பெரிதாக்கவில்லை. விளிம்பு தாழ்ந்துபோய், சுமாரான அலையிலேயே தண்ணீர் உள்ளே வந்தது. ராணுவம் அந்த வண்டியை விரும்பவே இல்லை. பெரிய டக் வண்டியின் கூட்டிலும் அதே வடிவமைப்பாளரின் கை இருந்தது. அதில் விளிம்பு உயரமாக இருந்ததால் அது போரில் பெயர் வாங்கியது. தேர்ந்த படகு வடிவமைப்பாளரும் பெரிய தொழிற்சாலையும் சேர்ந்தே 375 கிலோ தவறினார்கள் என்றால், வீட்டுக் கராஜில் வெல்டிங் போடுகிறவர் தன் கணக்கில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் வழி: காரையே அடைப்பது

மனசுக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். காரின் முகம் மாறாது, சாலையில் போகும்போது யாருக்கும் சந்தேகம் வராது, ஏரிக்கரைக்கு வந்து அப்படியே இறங்கிப் போகலாம். ஆம்ஃபிகார் தந்த கனவும் அதுதான். ஆனால் ஆம்ஃபிகார் அடைக்கப்பட்ட கார் கிடையாது, படகாகவே பிறந்த கார். ஹான்ஸ் டிரிப்பல் அதற்கு முன் பல வருடங்கள் நீர்நில வண்டிகளையே செய்துகொண்டிருந்தவர். உடல் முழுவதும் பற்றவைத்த எஃகுக் கூடு. கதவுகளுக்கு இரண்டாவது பூட்டு ஒன்று வைத்து, ரப்பர் சீலை இறுக்கி மூடினார்கள். எஞ்சின் பின்னால் இருந்ததால் மூக்கு தண்ணீரில் தூக்கியபடி நின்றது. நீளம் 4.33 மீட்டர். அப்படிப் பிறந்த வண்டிக்கே, தண்ணீரில் இறங்கி ஏறினால் பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் கிரீஸ் அடிக்க வேண்டும். நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆம்ஃபிகார் மணிக்கணக்கில் படகுத்துறையில் கட்டிக் கிடந்தாலும் ஒழுகாது. ஆனால் 'நன்றாகப் பார்த்துக்கொள்ளும்' என்ற இரண்டு வார்த்தைக்குள் நிறைய ஞாயிற்றுக்கிழமைகள் அடங்கியிருக்கின்றன.

இதையே ஸ்பிட்ஃபயரில் செய்யப் பாருங்கள். அதன் பானட் முழு மூக்கோடும் சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மெக்கானிக்குகளுக்கு வரப்பிரசாதம், படகுக்கு விரோதி. எஞ்சினுக்கும் முன்சக்கரங்களுக்கும் நடுவே இருப்பது மெல்லிய தடுப்புகள்தான், பல வண்டிகளில் அவை அட்டைப் பலகை. அதாவது எஞ்சின் அறைக்கு அடிப்பக்கமும் பக்கவாட்டும் இல்லவே இல்லை. அங்கே ஒரு தொட்டியை நாமே கட்ட வேண்டும். சரி, கட்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொட்டியை எவையெல்லாம் துளைக்கின்றன என்று எண்ணுவோம். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலும் கீழும் சஸ்பென்ஷன் கைகள், ஸ்டீயரிங் கம்பி. பின்பக்கம் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலிலிருந்து இருபுறமும் போகும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்கள், குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கின் இரண்டு முனைகள், இரண்டு ரேடியஸ் கம்பிகள். பன்னிரண்டு ஓட்டைகள். இரண்டு சுழல்பவை, மற்றவை ஏறி இறங்குபவை. ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் உறை, ஒவ்வொரு உறையிலும் இரண்டு கிளாம்ப். மிஸ் மெஜஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் துரு இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பட்டைகள் அழகுக்காக வைத்தவை இல்லை. சேஸி நடுவில் ஒல்லியாக இருப்பதால் உடலின் பலத்தில் பெரும்பங்கு அவற்றில்தான் இருக்கிறது. முதலில் துருப்பிடிப்பதும் அவைதான். அந்தப் பட்டைகளை உள்ளே நுரை அடித்து, வெளியே ஃபைபர் ஒட்டி மூடினால், உள்ளே இரும்பு கரைவது கண்ணுக்கே தெரியாமல் போகும்.

இன்னொன்று, படகு டிரெய்லர் வைத்திருப்பவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள். நெடுஞ்சாலையில் ஓடி வந்த சக்கர ஹப்பும் டிஃபரென்ஷியலும் சூடாக இருக்கும். அப்படியே குளிர்ந்த ஏரியில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும் காற்று, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். சீல் புதியதாக இருந்தாலும் இது நடக்கும், ஏனென்றால் அது எண்ணெய் வெளியே போகாமல் தடுக்கச் செய்தது, தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க இல்லை. டிஃபரென்ஷியலின் மூச்சுக்குழாயை நீளமான டியூப் வைத்து மேலே கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீரும். ஹப்புக்குள் கிரீஸை நிரப்பி அழுத்தத்தில் வைத்திருந்தால் மீதிப் பாதியில் பெரும்பகுதி தீரும். கரைக்கு வந்ததும் இறங்காமல், அரை மணி நேரம் வண்டியை ஆற விடுவது இரண்டையும்விட மலிவு.

இந்த வழியில் துணிந்தவர்கள் உண்டு. 2004 பிப்ரவரியில் கியூபாவிலிருந்து பதினொரு பேர் 1959 மாடல் பியூக் காரை அடைத்து, முன்னால் படகு முனை ஒன்றைப் பொருத்தி, அமெரிக்காவை நோக்கிக் கிளம்பினார்கள். லூயிஸ் கிராஸ், மார்சியல் பசாண்டா ஆகியோரின் குடும்பங்கள். ஃபுளோரிடாவுக்குப் பக்கத்தில் வரும்வரை அந்தக் கார் மிதந்தது. கடலோரக் காவல்படை அவர்களைப் பிடித்து, காரைக் கடலில் மூழ்கடித்தது. அவர்கள் செய்ததை நான் பொழுதுபோக்கோடு ஒப்பிடவில்லை, அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் பெரிய, அகலமான, உயரமான அமெரிக்க செடான் ஒன்று அடைபட்டால் மிதக்கும் என்பதற்கு அது சான்று. ஸ்பிட்ஃபயரில் அந்த அகலமும் இல்லை, உயரமும் இல்லை.

இரண்டாவது வழி: வெளியே மிதவை

அதே லூயிஸ் கிராஸும் மார்சியல் பசாண்டாவும் அதற்கு ஏழு மாதம் முன்னால், 2003 ஜூலையில், வேறு வழியை முயன்றிருந்தார்கள். 1951 மாடல் செவ்ரலே லாரி. அதைத் தாங்க வரிசையாகக் காலி 55 கேலன் டிரம்கள். லாரியின் டிரைவ் ஷாஃப்ட்டில் ஒரு புரொப்பெல்லர். பன்னிரண்டு பேர் அதில் ஏறி, கீ வெஸ்ட்டுக்குச் சுமார் 40 மைல் தூரம் வரை வந்துவிட்டார்கள். அந்த லாரியும் கடலோரக் காவல்படையின் கையில் மூழ்கியது, தானாக மூழ்கவில்லை. ஒரே ஆட்கள் இரண்டு வழியையும் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு அவர்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. அடைத்த பியூக் படகு போலவே போனது. டிரம் கட்டிய லாரியில் கசிவதற்கு எதுவுமே இல்லை.

கணக்கு இங்கே எளிது. ஒரு 55 கேலன் டிரம் 208 லிட்டர். அதன் சொந்த எடையைக் கழித்தால் 190 கிலோவைத் தாங்கும். மிதவைகளுக்கும் அவற்றைப் பிணைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து மொத்தம் 1,300 கிலோ என்று வைத்தால் ஏழு டிரம்கள் போதும். நான் போதும் என்று நிறுத்த மாட்டேன், பன்னிரண்டு போடுவேன். பக்கத்துக்கு ஆறு. அப்போது இரண்டு டிரம்கள் கிழிந்தாலும் வண்டி நிற்கும். கார் நடுவில், மிதவைகள் இருபுறமும் இருப்பதால் அகலம் கூடி, ஒற்றைக் கூட்டுப் படகைவிட ஆட்டமும் குறையும். வெறும் டிரம்முக்குப் பதிலாக உள்ளே நுரை அடைத்த மிதவை கிடைத்தால் இன்னும் நல்லது, ஓட்டை விழுந்தாலும் மிதப்பு போகாது.

இதில் காரில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிட்டு மறுநாள் சாலையில் ஓட்டலாம். குறையும் வெளிப்படை. மிதவைகளைக் கட்டிக்கொண்டு சாலையில் போக முடியாது. டிரெய்லரில் தனியாகக் கொண்டுபோய், ஏரிக்கரையில் மாட்டி, காரை அதன்மேல் ஏற்றிக் கட்ட வேண்டும். கறாராகப் பார்த்தால் அது நீர்நில வாகனம் கிடையாது, கார் ஏறிய கட்டுமரம். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஸ்பிட்ஃபயரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, கூரை திறந்தபடி, ஏரியின் நடுவில் இருப்பதுதான் வேண்டும் என்றால் அது இதில் முழுசாகக் கிடைக்கிறது.

மூன்றாவது வழி: பழைய உறுப்பு, புதிய கூடு

இங்கிலாந்தில் டிம் டட்டன் என்பவர் பல வருடங்களாகச் செய்து வந்தது இந்த வழி. ஃபோர்டு ஃபியஸ்டா, பிற்பாடு சுசூகி ஜிம்னி போன்ற கார்களின் எஞ்சின், அச்சு, சஸ்பென்ஷனை எடுத்து, ஃபைபர் கண்ணாடிக் கூட்டில் பொருத்தினார். கூடு படகாகவே வார்க்கப்படுவதால் எந்த இடத்தில் ஓட்டை வரலாம், எங்கே வரக்கூடாது என்று முதலிலேயே முடிவு செய்யலாம். சஸ்பென்ஷன் கைகளைக் கூட்டுக்கு வெளியே போல்ட் போட்டுவிட்டால், துளைப்பவை சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்களும் ஸ்டீயரிங்கும்தான். பன்னிரண்டு ஓட்டை மூன்று நான்காகக் குறைகிறது. நம் கடற்கரையில் ஃபைபர் போட் பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது. வார்ப்பு அச்சில் ஜெல் பூசி, கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசின் தடவி, உருளையால் காற்றுக் குமிழை வெளியேற்றும் அதே வேலை.

ஸ்பிட்ஃபயரில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. தனி சேஸி உள்ள கார் என்பதால் உடலைத் தூக்கிவிட்டால் எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் ஒரே எலும்புக்கூடாக நிற்கும். மஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி உடலும் சேஸியும் ஒன்றான கார்களில் இது வராது. ஒரு சிக்கலும் இருக்கிறது: எஞ்சின் முன்னால். முன்னால் கனம் இருந்தால் படகு மூக்கைக் குத்திக்கொண்டு போகும், அலை பானட் மேல் ஏறும். புதிய கூட்டில் எஞ்சினை ஓட்டுநருக்குப் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளி, பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கடைசிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மனசு ஒப்பாத இடமும் ஒன்று உண்டு. மிகெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த அந்த உடல்தான் ஸ்பிட்ஃபயர். அதை எடுத்துவிட்டால் 1500 மாடலில் மிஞ்சுவது 71 குதிரைத்திறன் எஞ்சினும் நான்கு சக்கரமும். அதற்கு ஸ்பிட்ஃபயர் எதற்கு? ஆகவே சில் பட்டையும் தரையும் துருவில் கரைந்துபோய், திருத்தும் செலவு காரின் விலையைத் தாண்டும் வண்டிக்கு மட்டும்தான் இந்த வழி நியாயம்.

வேகம் வேண்டும் என்பவர்களும் இங்கேதான் வருவார்கள். 2004 ஜூன் 14 அன்று ரிச்சர்ட் பிரான்சன் கிப்ஸ் அக்வாடாவில் ஆங்கிலக் கால்வாயை 1 மணி 40 நிமிடம் 6 விநாடியில் கடந்தார். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் போலவே இருக்கும் வண்டி. ஆனால் அதில் 175 குதிரைத்திறன், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சித் தள்ளும் வாட்டர் ஜெட், தண்ணீரில் இறங்கியதும் மேலே மடங்கும் சக்கரங்கள், கதவே இல்லாத உடல். சக்கரங்கள் மடங்காமல் அந்த வேகம் வராது. நாலு மீட்டருக்கும் குறைவான கூடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போனால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு எரிபொருள் எரித்தாலும் வீண்தான். அதைத் தாண்ட, தண்ணீரின் மேல் எழும்பிச் சறுக்க வேண்டும். மடங்கும் சக்கரத்தை வீட்டில் செய்வது என்றால் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் புதிதாகக் கண்டுபிடிப்பது போல. வேண்டாம். இங்கிலாந்தின் மிகப்பெரிய ஏரியான வின்டர்மியரிலேயே வேக வரம்பு 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர்தான்.

நான்காவது வழி: படகுக்குக் கார் வேஷம்

சின்ன ஜெட் படகு ஒன்றை வாங்கி, அதன் மேல் ஸ்பிட்ஃபயரின் உடல் தகடுகளைப் பொருத்துவது. படகின் கூடு சோதித்துத் தேறியது, தண்ணீரில் அது நன்றாகத்தான் ஓடும். சாலையில் ஓடாது. வேடிக்கைக்கு நல்லது, நம் கேள்விக்குப் பதில் இல்லை.

நீர்மூழ்கிக் கனவையும் இங்கேயே முடித்துவிடலாம், ஏனென்றால் கேட்பவர்கள் கேட்பார்கள். சுவிட்சர்லாந்தின் ரின்ஸ்பீட் நிறுவனம் 2008-ல் லோட்டஸ் எலீஸ் காரை வைத்து, தண்ணீருக்கு அடியில் போகும் ஸ்குபா என்ற வண்டியைக் காட்டியது. மூடிய காராக அதைச் செய்யவில்லை. உள்ளே இரண்டு கன மீட்டர் காற்று இருந்தால் அதை அமிழ்த்த இரண்டு டன் கூடுதல் எடை வேண்டும் என்பதால், ஓட்டுபவர் திறந்த இருக்கையில் நனைந்தபடி, சிலிண்டர் காற்றை மூச்சு விட்டுக்கொண்டு போக வேண்டியிருந்தது.

எதால் தள்ளுவது

வழியைத் தேர்ந்த பிறகு இந்தக் கேள்வி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

காரின் எஞ்சினிலிருந்தே புரொப்பெல்லரைச் சுழற்றினால் கூட்டில் இன்னொரு சுழலும் ஓட்டை. வாட்டர் ஜெட் வைத்தால் வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்காது, ஆழம் குறைந்த கரையில் அடிபடாது, ஆனால் குறைந்த வேகத்தில் பெட்ரோலைக் குடிக்கும். இரண்டிலும் எஞ்சின் தண்ணீரின் மேல் ஓடியாக வேண்டும். அடைத்த கூட்டுக்குள் ரேடியேட்டருக்குக் காற்று வராது, ஆகவே ஏரித் தண்ணீரால் குளிர்விக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும். அதற்கும் இரண்டு குழாய், அதாவது இரண்டு ஓட்டை. கூட்டின் அடியில் பெட்ரோல் ஆவி தேங்கும். அது காற்றைவிடக் கனம், தானாக வெளியே போகாது. எஞ்சினை உள்ளே வைத்த பெட்ரோல் படகுகளில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம் விசிறியை ஓட்டச் சொல்வது அதனால்தான். கார் ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் தீப்பொறி விடுபவை, அவற்றையும் படகுக்கான வகைக்கு மாற்ற வேண்டும்.

பின்பக்கம் ஒரு 10 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினைத் தொங்கவிட்டால் இவ்வளவும் ஒரேயடியாகப் போய்விடும். கார் எஞ்சினை அணைத்துவிடலாம். சூடு இல்லை, ஷாஃப்ட் ஓட்டை இல்லை, குளிர்விக்கும் குழாய் இல்லை. திருப்ப முன்சக்கரங்களை நம்ப வேண்டியதும் இல்லை. ஆம்ஃபிகாரில் முன்சக்கரமே சுக்கான் என்பதால் மெதுவான வேகத்தில் அது சோம்பலாகத்தான் திரும்பும். அவுட்போர்டைத் திருப்பினால் வண்டி இருந்த இடத்திலேயே திரும்பும், ரிவர்ஸும் வரும். பார்க்க அழகாக இருக்காது என்பது ஒன்றுதான் குறை. எந்த வழியைத் தேர்ந்தாலும் நான் அவுட்போர்டுதான் வைப்பேன்.

எந்த வழியிலும் விட முடியாதவை

தண்ணீரில் இருக்கும்போது கூரை திறந்தே இருக்க வேண்டும், சீட் பெல்ட் போடக்கூடாது, லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். தரையில் காப்பாற்றும் பெல்ட் தண்ணீரில் கட்டிப்போடும். அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்ற இரண்டு பில்ஜ் பம்ப், இரண்டும் வேறு வேறு பேட்டரியில்.

அப்புறம் நுரை. கூடு முழுக்கத் தண்ணீர் நிறைந்தாலும் வண்டி மேலே நிற்க வேண்டும் என்றால் மூடிய துளை நுரை எவ்வளவு தேவை? இரும்பு தண்ணீருக்குள் தன் எடையில் எட்டில் ஒரு பங்கைத்தான் இழக்கும். அந்தக் கணக்கில் 800 கிலோ காரைத் தாங்கச் சுமார் 700 லிட்டர் நுரை வேண்டும். ஸ்பிட்ஃபயரின் டிக்கி, சீட்டுக்குப் பின்னால், மூக்கின் உட்புறம் எல்லாம் அடைத்தாலும் அவ்வளவு இடம் தேறாது. காரை அடைக்கும் முதல் வழியை நான் கைவிட்டதற்கு ஓட்டைகளுக்கு அடுத்த காரணம் இதுதான். வெளி மிதவையில் இந்தக் கேள்வியே எழாது. புதிய கூட்டில் இரட்டைத் தரை வார்த்து நடுவில் நுரையை ஊற்றிவிடலாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனில் 40 வருடம் தாண்டிய காருக்கு சாலைத் தகுதிக்கான வருடாந்திர எம்ஓடி சோதனை கிடையாது, ஆனால் காரைக் கணிசமாக மாற்றினால் அந்தச் சலுகை போய்விடும். மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஏரியில் விடப் படகுப் பதிவு தனி. இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு நிலைமை கடினம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்தது. முதல் வழியும் மூன்றாவது வழியும் அங்கே சாலைக்கு வர முடியாது. மிதவை கட்டும் வழியில் காரில் எந்த மாற்றமும் இல்லை.

ஆக என் தேர்வு இப்படி. உடல் திடமாக இருக்கும் ஸ்பிட்ஃபயர் என்றால் வெளி மிதவை, அவுட்போர்டு. ஒரு துளையும் போடாதீர்கள், அந்தக் கார்கள் இனி பிறக்கப் போவதில்லை. உடல் கரைந்து சேஸி மட்டும் நன்றாக இருந்தால் புதிய ஃபைபர் கூடு, சுழலும் ஓட்டை இரண்டு மட்டும், அதிலும் அவுட்போர்டு. உண்மையான நீர்நிலக் கார்தான் வேண்டும், ஏரிக்கரையில் எதையும் மாட்டிக் கழற்ற மாட்டேன் என்பவர் ஸ்பிட்ஃபயரை விற்றுவிட்டு, பணம் சேர்த்து ஆம்ஃபிகார் ஒன்றைத் தேடட்டும். 3,800-க்கும் மேல் செய்தார்கள், உரிமையாளர்கள் இன்னும் அவற்றை நீந்த விட்டுக்கொண்டிருக்கிறார்கள். எஞ்சினைத் திறந்து பார்த்தால் பழைய சொந்தம்தான்.

புதிய கூடு செய்தவருக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. முதல் நாள் உள்ளே யாரும் ஏறாமல், ஆட்களின் எடைக்கு மணல் மூட்டை வைத்து, இடுப்பளவு ஆழத்தில் கயிற்றில் கட்டி விடுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு ரப்பர் உறையைச் சுற்றியும் உட்பக்கம் சுண்ணாம்புத் தூளைத் தூவி வையுங்கள். சக்கரங்களைக் கையால் சுற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து விளக்கு அடித்துப் பாருங்கள். தூளில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அந்த கிளாம்ப்பைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள். தூள் நனையாமல் காய்ந்தபடியே கிடந்த பிறகுதான் மணல் மூட்டைகளை இறக்கலாம்.